எப்போது கொடுக்க வேண்டும் கமிஷன்?

வாடகை வீடு பிடித்துத் தரும் புரோக்கருக்கு எந்தக் கட்டத்தில் பணம் சேர வேண்டும்? சட்டம் ஒன்று சொல்கிறது, ஊர் வழக்கம் இன்னொன்று சொல்கிறது. நடுவில் மாட்டிக்கொண்டு விழிப்பவர் குடித்தனக்காரர். சில சமயம் புரோக்கரும்தான்.

மும்பையின் மேற்குப் புறநகர் ஒன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்திருக்கும் வங்கி அதிகாரி ஒருவர் மனைவியுடன் ஏழாவது வீட்டைப் பார்க்கிறார். இரண்டு படுக்கையறை, மூன்றாவது மாடி, வாடகை ரூ. 40,000. இருவருக்கும் பிடித்துவிடுகிறது. "இன்னும் ரெண்டு பார்ட்டி பார்த்துட்டுப் போயிருக்காங்க சார். டோக்கன் போட்டுட்டா வீடு உங்களுது" என்கிறார் புரோக்கர். நின்ற இடத்திலேயே செல்போன் வழியாக ரூ. 10,000 அவர் கணக்குக்குப் போகிறது. மூன்று நாள் கழித்து அவரிடமிருந்தே தகவல் வருகிறது: வீட்டுக்காரரின் மகன் வெளிநாட்டிலிருந்து திரும்புகிறாராம், வீடு இப்போது வாடகைக்கு இல்லையாம். சரி, டோக்கன்? "அது என் அலைச்சலுக்குச் சரியாப் போச்சு சார். நான் வீடு பிடிச்சுக் குடுத்தேன் இல்ல? ஓனர் மனசு மாறினா நான் என்ன பண்றது?"

இந்த வங்கி அதிகாரி கற்பனைப் பாத்திரம். அவருடைய சண்டை கற்பனையல்ல. வேலைக்காக மும்பைக்கோ டில்லிக்கோ பெங்களூருக்கோ பெட்டி படுக்கையுடன் போய் இறங்கிய பலருக்கு இது பழகிய கதை.

கதையின் மறுபக்கமும் உண்டு. புரோக்கர் வெயிலில் அலைந்து நான்கு வாரத்தில் பதினைந்து வீடு காட்டுகிறார். பதினைந்தாவது வீட்டைப் பார்த்த குடும்பம், "யோசித்துச் சொல்கிறோம்" என்று கிளம்புகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே குடும்பம் தனியாக வந்து வீட்டுக்காரரின் அழைப்பு மணியை அடிக்கிறது. இரு தரப்புக்கும் கமிஷன் மிச்சம். புரோக்கருக்கு விஷயம் தெரிவது, அந்த வீட்டு பால்கனியில் புதுத் துணி காய்வதைப் பார்க்கும்போதுதான்.

இரண்டு சண்டைக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி. புரோக்கர் தன் கமிஷனைச் சம்பாதித்துவிட்டார் என்று எந்தக் கணத்தில் சொல்லலாம்? வீட்டைக் காட்டியபோதா, டோக்கன் கைமாறியபோதா, ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்தபோதா, சாவி கைக்கு வந்தபோதா?

ஊருக்கு ஒரு கணக்கு

தொகை எவ்வளவு என்பதில் பெரிய குழப்பம் இல்லை. மும்பையில் பொதுவான வழக்கம், 11 மாத ஒப்பந்தத்துக்கு வீட்டுக்காரரிடம் ஒரு மாத வாடகை, குடியேறுபவரிடம் ஒரு மாத வாடகை. டில்லியில் இரு தரப்பிடமும் அரை மாத வாடகை என்பது பழைய வழக்கம். முழு மாதம் கேட்கும் பேட்டைகளும் உண்டு. பெங்களூரில் பெரும்பாலும் குடியேறுபவர் தலையில்தான் விழுகிறது, ஒரு மாத வாடகை. அதே ஊரில் 'லீஸ்' என்றால் அர்த்தமே வேறு. மாத வாடகை கிடையாது. பல லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, காலி செய்யும்போது திரும்ப வாங்கிக்கொள்வது, நம் ஊர் போக்கியம் போல. அங்கே கமிஷன் அந்த மொத்தத் தொகையில் சதவீதமாகப் பேசப்படுகிறது.

இவை எதுவும் சட்டப் புத்தகத்தில் எழுதப்பட்டதல்ல. எல்லாம் 'இங்கே இதுதான் ரேட்' என்ற வாய்மொழி. ஆனால் தொகை சின்னதல்ல. நமது வங்கி அதிகாரியின் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். 11 மாதத்துக்கு மொத்த வாடகை ரூ. 4,40,000. இரு தரப்பும் ஆளுக்கு ரூ. 40,000 கொடுத்தால் புரோக்கருக்குப் போவது ரூ. 80,000. அதாவது மொத்த வாடகையில் ஏறக்குறைய 18 சதவீதம். புரோக்கர் ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்தவராக இருந்தால் கமிஷன் மேல் 18 சதவீத வரியும் சேர்ந்து, குடியேறுபவரின் பங்கு மட்டும் ரூ. 47,200 ஆகிவிடும். ஆண்டு வரவு ரூ. 20 லட்சத்தைத் தாண்டாத சிறு புரோக்கர் பொதுவாக இந்தப் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆகவே வரி என்று தனியாகக் கேட்பவரிடம் பதிவு எண்ணுடன் பில் கேட்பது நியாயம்.

இவ்வளவு பணம் கைமாறும் விவகாரத்தில், எப்போது கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் முன்கூட்டிப் பேசுவதில்லை.

1872 என்ன சொல்கிறது?

இதற்கு விடை சொல்லும் சட்டத்துக்கு வயது ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 219-ஆவது பிரிவு, ஏஜெண்டுக்குக் கூலி எப்போது சேரும் என்பதைச் சொல்கிறது. தனியாக வேறு ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தால் அதன்படி. அப்படி எதுவும் இல்லையென்றால், ஒப்படைத்த காரியம் முடியும் வரை ஏஜெண்டுக்குப் பணம் சேராது. சுருக்கமாக, காரியம் முடிந்தால் காசு.

அப்படியானால் 'காரியம்' என்பது எது? வீடு பிடித்துத் தரச் சொன்னவர் கேட்பது கதவைத் திறந்து காட்டும் வேலையை அல்ல. குடியேறுவதற்கு ஒரு வீட்டை. வேறு பேச்சு இல்லாத வரை, வாடகை ஒப்பந்தம் முடிவாவதுதான் காரியம் முடிவதன் அடையாளம் என்று கொள்வதே பொருத்தம். ஏழு வீடு காட்டியதற்கும் பெட்ரோல் செலவுக்கும் தனிக் கூலி கிடையாது. அந்த நஷ்டத்தையும் சேர்த்துத்தான் கமிஷன் ஒரு மாத வாடகையாக இருக்கிறது. பத்துப் பேருக்குக் காட்டி ஒருவர் மட்டும் குடியேறினால், அந்த ஒருவர் கொடுப்பதில்தான் மற்ற ஒன்பது பேருக்கான அலைச்சலும் அடங்கியிருக்கிறது.

டோக்கன் பணத்துக்கு வருவோம். வீட்டுக்காரருக்காக வாங்கிய பணத்திலிருந்து தனக்குச் சேர வேண்டிய கூலியைப் பிடித்துக்கொள்ள ஏஜெண்டுக்கு உரிமை உண்டு. 217-ஆவது பிரிவு அதை அனுமதிக்கிறது. ஆனால் கூலி 'சேர வேண்டியதாக' ஆகியிருந்தால்தான் இந்த உரிமை. ஒப்பந்தமே ஆகவில்லை என்றால் கூலி இல்லை. கூலி இல்லை என்றால் பிடித்துக்கொள்ளவும் ஒன்றுமில்லை. வீட்டுக்காரர் பின்வாங்கியதால் கைநழுவிய வீட்டுக்கு, குடியேற வந்தவரின் டோக்கனைப் புரோக்கர் 'அலைச்சல் செலவு' என்று வைத்துக்கொள்ள முடியாது. அப்படி ஒரு நிபந்தனையை முதலிலேயே சொல்லி, கொடுத்தவரும் ஒப்புக்கொண்டிருந்தால் மட்டும் விஷயம் வேறு.

கல்கத்தா வீடு, ஈஸ்ட்போர்ன் தியேட்டர்

நீதிமன்றங்களில் இந்தக் கேள்வி பெரும்பாலும் வீட்டு விற்பனை வழக்குகளாகவே வந்திருக்கிறது. ஆனால் அங்கே சொல்லப்பட்ட தத்துவம் வாடகைக்கும் பொருந்தும்.

பிரிட்டனில் 1941-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த ஒரு வழக்கு. ஈஸ்ட்போர்ன் நகரின் சினிமா தியேட்டர்களை விற்றுக் கொடுத்தால் ஏஜெண்டுக்கு 10,000 பவுண்டு என்று பேச்சு. விற்பனை முடிந்ததும் பணம். ஏஜெண்ட் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினார், ஆனால் உரிமையாளர்கள் விற்கவில்லை. ஏஜெண்டுக்கு ஒன்றும் கிடையாது என்றது தீர்ப்பு. விற்பனை முடிந்தால்தான் என்று ஒப்புக்கொண்டவர் அந்த ஆபத்தையும் சேர்த்தே ஒப்புக்கொண்டிருக்கிறார் என்பது இதன் சாரம்.

இதற்கு மறுமுனையில் நிற்பது கல்கத்தாவின் அமரதொல்லா தெருவில் இருந்த ஒரு சொத்து. 1943 மே மாதம் உரிமையாளர் புரோக்கருக்கு ஒரு மாதத் தவணையில் கடிதம் கொடுத்தார். ரூ. 1,05,000-க்கு வாங்கும் ஆளைப் பிடித்தால் ரூ. 1,000. அதற்கு மேல் ரூ. 1,10,000 வரை எவ்வளவு கிடைத்தாலும் அந்த உபரி முழுவதும் புரோக்கருக்கே. புரோக்கர் தவணைக்குள் ரூ. 1,10,000 தரத் தயாராக இருந்தவர்களைப் பிடித்துவிட்டார். கணக்குப்படி அவருக்கு ரூ. 6,000. உரிமையாளரோ புரோக்கரின் அதிகாரத்தை ரத்து செய்துவிட்டு, அதே தரப்புடன் தானே பேரம் முடித்தார். வழக்கு 1950-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. உரிமையாளர் சார்பில் விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் புரோக்கருக்கு அதிகாரம் இல்லை. ஆனால் அவருக்கு ஒப்படைத்த வேலை ஆளைப் பிடித்துத் தருவது; அதை அவர் செய்துவிட்டார், எனவே கமிஷன் உண்டு என்று முடிவானது.

இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு விஷயம் புரியும். கமிஷன் எப்போது என்பதைத் தீர்மானித்தது புரோக்கரின் உழைப்பின் அளவல்ல. அவருக்குக் கொடுத்த வாக்கின் வாசகம். ஒரு இடத்தில் 'விற்பனை முடிந்தால்' என்று இருந்தது, இன்னொரு இடத்தில் 'ஆளைப் பிடித்தால்' என்று இருந்தது. அந்த இரண்டு சொல்லில்தான் பணம் தங்கியது அல்லது போனது.

குறுக்கு வழி

புரோக்கரைக் கழற்றிவிட்டு நேராகப் பேசி முடிப்பவர்கள் நினைப்பது போல, அவர் பக்கத்தில் இல்லாமல் கையெழுத்தானதால் மட்டும் கடன் தீர்ந்துவிடாது. ஒப்பந்தம் உருவாக உண்மையான காரணமாக இருந்தது அவருடைய அறிமுகம்தானா என்பதே சோதனை. அவர் காட்டிய வீடு, அவர் சேர்த்துவைத்த ஆட்கள், பேரமும் சில நாளில் முடிந்திருக்கிறது என்றால் கமிஷன் கேட்க அவருக்கு வலுவான நியாயம் இருக்கிறது. இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்த வேலையின் பலனை இன்னொருவர் அனுபவித்தால் ஈடு கொடுக்க வேண்டும் என்று அதே ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவும் சொல்கிறது.

ஒரே வீட்டை இரண்டு புரோக்கர்கள் காட்டும்போது விவகாரம் இன்னும் சிக்கலாகும். முதலாமவர் ஜனவரியில் காட்டினார், வாடகை படியவில்லை. இரண்டாமவர் மார்ச்சில் அதே வீட்டுக்கு அழைத்துப்போய் வீட்டுக்காரரிடம் பேசி ரூ. 3,000 குறைத்து முடித்துக் கொடுத்தார். யாருக்குக் கமிஷன்? முதலில் காட்டியவர் என்பதற்காக மட்டும் முதலாமவருக்குச் சேராது. பேரத்தை முடிவுக்குக் கொண்டுவந்தவர் யார் என்று பார்த்தால் இரண்டாமவர் பக்கமே தராசு சாயும். இருவருக்கும் கொடுத்து அழும் குடித்தனக்காரர்கள் உண்டு. சண்டை வேண்டாம் என்ற பயமே காரணம்.

புதுப்பித்தால் மறுபடியுமா?

பதினோராவது மாதம் புரோக்கரின் போன் வரும். "ரினியூவல் சார். இந்தத் தடவை அரை மாசம் போதும்."

இந்த 11 மாதம் என்பதே ஒரு சட்ட விநோதம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை ஒப்பந்தங்களைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அதைத் தவிர்க்கக் கண்டுபிடித்த உபாயம் 11 மாதம். மகாராஷ்டிரத்தில் இந்த உபாயம் செல்லாது. அங்கே 1999-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவுப்படி, எத்தனை மாதமானாலும் 'லீவ் அண்ட் லைசென்ஸ்' ஒப்பந்தம் எழுத்தில் இருந்தாக வேண்டும், பதிவும் ஆக வேண்டும். பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. பதிவாகவில்லை என்றால், வேறு விதமாக நிரூபிக்கப்படும் வரை, நிபந்தனைகளைப் பற்றிக் குடியிருப்பவர் சொல்வதே எடுபடும்.

ஆகவே மும்பையில் ஒவ்வொரு புதுப்பித்தலும் புதிய பதிவு, புதிய முத்திரைத் தீர்வை. அந்தக் காகித வேலையைப் புரோக்கர் செய்து கொடுத்தால் அதற்குக் கூலி கேட்பதில் தவறில்லை. ஆனால் அது கமிஷன் ஆகாது, வேலைக்கான கட்டணம்தான். வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் தாங்களே பேசி நீட்டித்துக்கொண்டால், புரோக்கர் புதிதாக எதையும் பிடித்துத் தரவில்லை. முதல் வருடமே ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய, பழைய அறிமுகத்துக்கு ஆண்டுதோறும் வட்டி கேட்க அவருக்கு உரிமை இருப்பதாகச் சொல்ல முடியாது.

இரண்டு எஜமானர்கள்

இன்னொரு சங்கடம், யாரும் வெளிப்படையாகப் பேசாதது. புரோக்கர் யாருடைய ஆள்? வீட்டுக்காரருக்கு அதிக வாடகை வேண்டும், குடியேறுபவருக்குக் குறைந்த வாடகை வேண்டும். இருவரிடமும் காசு வாங்குபவர் யாருக்காகப் பேரம் பேசுவார்? அவருடைய கமிஷனே வாடகையில் ஒரு மாதம் என்னும்போது வாடகை ஏறினால் அவருக்கும் லாபம்.

இரு தரப்புக்கும் தெரிந்தே இரு தரப்பிடமும் வாங்குவது ஊர் வழக்கம். அதில் சட்ட மீறல் இல்லை. ஒருவருக்குத் தெரியாமல் மற்றவரிடம் வாங்குவதுதான் வம்பு. தன் வேலையில் முறைகேடு செய்த ஏஜெண்டுக்கு, அந்த முறைகேடு நடந்த பகுதிக்குக் கூலி கிடையாது என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 220-ஆவது பிரிவு. வீட்டில் தண்ணீர் வராது என்பதை அறிந்தும் மறைத்தவர், வீட்டுக்காரர் சொன்ன வாடகையை உயர்த்திச் சொல்லி வித்தியாசத்தைத் தன் பையில் போட்டவர், இவர்களுக்கு எதிராக எடுக்க வேண்டிய ஆயுதம் இதுதான்.

ரெரா வராத இடம்

இதையெல்லாம் கண்காணிக்க ஆள் இல்லையா? 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், ரெரா என்று பரவலாக அறியப்படுவது, புரோக்கர்களைப் பதிவு செய்துகொள்ளச் சொல்கிறது. ஆனால் அதன் பார்வை திட்டங்களில் மனை, வீடு விற்பனை மீதுதான். வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுப்பது அந்த வலைக்குள் வருவதில்லை. வாடகைக்கு வருபவரை 'ஒதுக்கீடு பெற்றவர்' என்ற வரையறையிலிருந்து அந்தச் சட்டம் வெளிப்படையாகவே விலக்கியிருக்கிறது. 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் டெபாசிட் கூடாது என்று வரம்பு கட்டியது. புரோக்கர் கமிஷனுக்கு வரம்பு கட்டவில்லை. மாதிரிச் சட்டம் என்பதால், மாநிலங்கள் ஏற்றுக்கொண்டால்தான் டெபாசிட் வரம்புக்கும் உயிர். ஹரியானா 2008-லேயே சொத்துத் தரகர்களுக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. அந்த வழியில் போன மாநிலங்கள் அதிகமில்லை.

இந்த வெற்றிடத்தில்தான் புதிய வியாபாரம் முளைத்தது. 2014-இல் பெங்களூரில் தொடங்கிய ஒரு இணைய நிறுவனம் தன் பெயரையே 'நோபுரோக்கர்' என்று வைத்துக்கொண்டது. வீட்டுக்காரரையும் குடியேறுபவரையும் நேராகச் சேர்த்துவைத்து, கமிஷனுக்குப் பதிலாகச் சந்தா வாங்குகிறது. ஏழு ஆண்டில் அதன் மதிப்பு 100 கோடி டாலரைத் தொட்டது. கமிஷன் மேல் மக்களுக்கு எவ்வளவு கோபம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் சந்தாவிலும் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. வீடு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பணம் முன்கூட்டியே போய்விடும். புரோக்கரிடம் காரியம் முடிந்தால்தான் காசு.

ஏமாந்தவர் போக வழியே இல்லை என்பதல்ல. காசு வாங்கிக்கொண்டு செய்யும் சேவை என்ற முறையில், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். ரூ. 5 லட்சம் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது. சிவில் நீதிமன்றம் என்றால் பொதுவாக மூன்று ஆண்டு அவகாசம். ரூ. 10,000-க்காக யார் படியேறுவார்கள் என்பதுதான் பிரச்னை. புரோக்கருக்கும் இதே கதிதான். ரூ. 40,000 கமிஷனுக்காக வழக்குப் போட்டால் வக்கீல் செலவுக்கே போய்விடும்.

நாலு வரி போதும்

எனவே பாதுகாப்பு நீதிமன்றத்தில் இல்லை. முதல் வீட்டைப் பார்க்கும் முன் அனுப்பும் செல்போன் செய்தியில் இருக்கிறது. கமிஷன் எவ்வளவு, வரி சேர்த்தா சேர்க்காமலா. எப்போது: 'ஒப்பந்தம் கையெழுத்தாகி, சாவி வாங்கிய அன்று' என்று எழுதிவிட்டால் சந்தேகமே இல்லை. பேரம் முறிந்தால் டோக்கனை யார், எத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும். புதுப்பித்தலுக்குக் கமிஷன் உண்டா, இல்லையா. இந்த நாலு வரிக்குப் புரோக்கர் 'ஓகே' என்று பதில் அனுப்பினால் அதுவே ஒப்பந்தம். 219-ஆவது பிரிவு முதலிடம் கொடுப்பதும் அப்படிப்பட்ட தனி ஒப்பந்தத்துக்குத்தான்.

நேர்மையான புரோக்கருக்கும் இது நல்லது. எந்தத் தேதியில் எந்த வீட்டைக் காட்டினார் என்பதை அவரும் அதே செய்தியில் எழுதி அனுப்பிவிட்டால், பால்கனியில் துணி காய்வதைப் பார்த்து வயிறெரிய வேண்டியதில்லை. கையில் சாட்சி இருக்கும்.

அந்த வங்கி அதிகாரி டோக்கனை வீட்டுக்காரர் கணக்கிலேயே போட்டிருந்தால், அல்லது அந்த நாலு வரியை அனுப்பிவிட்டுப் புரோக்கரிடம் கொடுத்திருந்தால், எட்டாவது வீட்டைப் பார்க்கப் போகும்போது ரூ. 10,000 அவர் கையிலேயே இருந்திருக்கும். புரோக்கரும் கூடவே வந்திருப்பார், சண்டை போடாமல்.